காலர் மெஷினும் நீர் மாத்திரையும்

அந்தத் தையல் ஆலையில் அவளை எல்லோரும் காலர்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். நூல் வெட்டச் சேர்ந்து, சட்டைக்குக் காலர் வைக்கும் முன்வரிசை மெஷின்வரை வந்தவள். "என் தங்கச்சி வெச்ச காலர்ல ரெண்டு முனையும் அச்சுல வார்த்த மாதிரி இருக்கும்" என்று அக்கா பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லித் திரிவாள்.

தங்கச்சியின் இதயம் பலவீனமாகி ரத்தத்தைச் சரியாகத் தள்ளவில்லை, அதனால்தான் காலில் நீர் கோத்துக்கொள்கிறது என்று டாக்டரம்மா சொன்ன நாளிலிருந்து அக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அடுப்பை விட்டுவிட்டு வாசலுக்குப் போவாள். எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்புவாள். மருந்து கொடுத்தும் ஏன் இவளுக்குப் படியேறினால் மூச்சு வாங்குகிறது?

ஒரு நாள் சாயங்காலம் வேலைவிட்டு வந்தவளின் கணுக்காலில் அவளுடைய அளவுநாடாவையே சுற்றிப் பார்த்தாள். போன வாரத்தைவிட ஒரு விரற்கடை கூடியிருந்தது. மருந்துப் பையைக் கொட்டினாள். மற்ற அட்டைகள் காலியாகிக்கொண்டு வர, நீர் பிரியும் மாத்திரை மட்டும் ஏறக்குறைய அப்படியே கிடந்தது.

"என்னடி இது?"

"லீவு நாள்ல போட்டுக்கறேன்க்கா."

"வியாதிக்கு ஏதுடி லீவு?"

"அதைப் போட்டா பாத்ரூமுக்கு ஓடிட்டே இருக்கணும். நான் எழுந்தா பின்னாடி தைக்கிற லைனே நிக்குது. 'காலர்காரிக்குக் குழாய் ரிப்பேரா'ன்னு சூப்பர்வைசர் கேக்கறார். எல்லாரும் சிரிக்கிறாங்க."

"அந்த வாயைத் தைச்சுட்டு வர வேண்டியதுதானே! கையில மெஷின் இருக்குல்ல?"

சிரிக்கப் போன தங்கச்சிக்கு இருமல் பிடித்துக்கொண்டது. ஜன்னல் கம்பியைப் பற்றி மூச்சுக்குத் தவித்தவளை ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினாள் அக்கா.

ஊசி போட்டு நீர் இறங்கியதும் டாக்டரம்மா கறாராகச் சொன்னார்: "இனிமே நீர் மாத்திரை காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு. நீங்களா நிறுத்தினா அடுத்த தடவை இங்க வந்து சேர்வீங்களான்னு தெரியாது."

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது தங்கச்சி சொன்னாள்: "பாத்ரூம் கதவுக்குப் பக்கத்துல பட்டன் மெஷின் இருக்குக்கா. அதைக் கேட்டுப் பாக்கறேன்."

பட்டன் மெஷின், புதிதாக வருபவர்கள் உட்காருமிடம் என்று அக்காவுக்குத் தெரியும்.

தங்கச்சி அங்கே மாறி உட்கார்ந்த முதல் நாள், வேலை விடும் நேரத்துக்கு வெகுமுன்பே போய் ஆலை வாசலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தாள் அக்கா. தங்கச்சி வந்தாள்.

"ரெண்டு வேளையும் போட்டியா?"

"போட்டேன். என் இடத்துல உக்காந்த பொண்ணு வெக்கிற காலர் எல்லாம் கோணக்கா."

"சொல்லிக் கொடுக்கறதுதானே?"

"எங்க நேரம்? பாத்ரூமுக்கு நடக்கவே சரியாப் போச்சு."

இருவரும் சிரித்தார்கள். இந்த முறை இருமல் வரவில்லை. அப்படியும், வீடு போய்ச் சேரும்வரை அக்காவின் கண் அந்தக் கணுக்காலைவிட்டு நகரவில்லை.