காலி பண்ற பாடம்

இங்கிலீஷ் வகுப்புக்கு வந்தவர்கள் சமையலறை மேஜையைச் சுற்றி உட்கார்ந்ததும், தபால் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி அபயாம்பாள் வாசல் பக்கம் போகிறாள். தபால் மத்தியானமே வந்து, பிரித்துப் படித்தும் ஆகிவிட்டது. அவள் போவது ஷூக்களுக்காக. ஜப்பானியப் பெண்கள் வீட்டுக்குள் காலெடுத்து வைத்த கையோடு மண்டியிட்டு, கழற்றிய ஷூக்களைத் தெருவைப் பார்க்கத் திருப்பி, ஜோடி பிசகாமல் வைத்துவிட்டு வருகிறார்கள். அபயாம்பாள் குனிந்து அவற்றை ஒவ்வொன்றாக வீட்டுப் பக்கம் திருப்புகிறாள். "ஏம்மா, வந்ததும் வராததுமா கிளம்பறதுக்கு என்ன அவசரம்?" என்று ஷூக்களைத்தான் கேட்கிறாள். உடையவர்களைக் கேட்கத் துணிச்சல் கிடையாது.

வகுப்பு முடிந்து போகிறபோது அவர்கள் திரும்பிக் கிடக்கும் ஷூக்களைப் பார்ப்பார்கள். ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். ஏதோ இந்து மதச் சடங்கு போலிருக்கிறது என்று மரியாதையாகத் தலை குனிந்து, மறுபடி திருப்பிப் போட்டுக்கொண்டு போவார்கள்.

நியூ ஜெர்ஸியில் ஃபோர்ட் லீ. அபயாம்பாளின் வீட்டு மாடி ஜன்னலில் எட்டிப் பார்த்தால் ஹட்ஸன் ஆற்றுப் பாலத்தின் ஒரு கோபுரம் தெரியும். அந்தப் பாலத்தைக் கடந்துதான் காலையில் ஜப்பானியக் கணவன்மார்கள் நியூயார்க் ஆபீஸுக்குப் போகிறார்கள். மனைவிமார்களுக்கு மிச்சம் இருப்பது சூப்பர் மார்க்கெட், குழந்தையின் பள்ளிக்கூடம், பல் டாக்டர், எல்லாவற்றுக்கும் மேலாக டெலிபோன். அது அடித்தால் பாம்பைக் கண்ட மாதிரி தள்ளி நிற்பார்கள். அபயாம்பாளுக்கு இது புரியும். கல்யாணத்துக்கு முன்னால் மாயவரம் பெண்கள் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சராக இருந்தவள்தான். ஆனாலும் இந்த ஊருக்கு வந்த புதிதில், மணி அடித்து ஓயும்வரை போன் பக்கத்தில் புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அவள் கணவர் சுவாமிநாதன் ஒரு பெயிண்ட் கம்பெனியில் கெமிஸ்ட். "ஹலோன்னு சொன்னா ஒண்ணும் கடிச்சுடாது" என்பதுதான் அவர் செய்த மொத்த உதவி.

அக்கம்பக்கத்து அமெரிக்கர்களுக்கு அவள் 'ஆபி'. ஜப்பானியப் பெண்கள் மட்டும் ஒரு எழுத்தையும் விட்டுவிடாமல் "அபயாம்பாரு சென்செய்" என்கிறார்கள். சென்செய் என்றால் டீச்சர். மாயவரத்தில் ஒரு வகுப்புக்கு மூன்று அபயாம்பாள்கள் இருந்ததால் இனிஷியலோடு கூப்பிடப்பட்டவளுக்கு, தன் பெயரை ஒருவர் இத்தனை சிரத்தையாகச் சொல்லிக் கேட்பதில் இன்னும் ஆசை தீரவில்லை.

அவளுடைய போதனா முறையை எந்தப் பல்கலைக்கழகமும் ஒப்புக்கொள்ளாது. புத்தகம் இல்லை. சமையல் மேடை தபாலாபீஸ். ஃபிரிட்ஜ் பாங்க். சாமான் அலமாரிக் கதவைத் திறந்து வைத்தால் டாக்டர் ரிசெப்ஷன். மேஜை மேல் ஒயர் அறுந்த இரண்டு டெலிபோன்கள், இரண்டும் யாரோ வீட்டு வாசலில் பழைய சாமான் விற்ற கராஜ் சேலில் வாங்கியவை. ஒன்றை மாணவி எடுக்க வேண்டும், மற்றொன்றை எடுத்து அபயாம்பாள் மூக்கால் பேசுவாள். வேண்டுமென்றே சிடுசிடுப்பாள், பாதியில் குறுக்கே பாய்வாள். "நம்மகிட்ட மரியாதையா பேசறவாளோட பேசறதுக்கு இங்கிலீஷ் எதுக்கு? சிரிச்சாலே போதுமே" என்பது அவள் கட்சி. மாணவிகள் ரிசீவரைப் பிடித்தபடி தலையைத் தலையைக் குனிந்து வணங்குவார்கள். "போனுக்கு நமஸ்காரம் பண்ணாதேங்கோ, அதுக்குக் கண்ணு தெரியாது" என்று அபயாம்பாள் அலறுவாள். இப்படி அவசரத்தில் தமிழ் வந்துவிழும். அவர்களுக்கும் பழகிவிட்டது.

போன் பாடத்தில் முக்கியமான கட்டம், அவள் "ஹோல்ட் ஆன்" என்று சொல்லி ரிசீவரை மேஜையில் போட்டுவிட்டுப் போவது. போய் நிஜமாகவே சாம்பாரைக் கிளறுவாள், கறிவேப்பிலை உருவுவாள், சில நாள் துணியைக் காயப்போட்டுவிட்டே வருவாள். அமெரிக்காவில் காத்திருக்கத் தெரிய வேண்டும். அவள் திரும்பி வரும்வரை ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காதவள் பாஸ்.

'நோ' சொல்லும் பாடம் இன்னொரு கூத்து. அபயாம்பாள் வாக்குவம் கிளீனர் விற்க வந்த ஆளாக மாறி ஹாலில் அதை இழுத்துக்கொண்டு திரிவாள். இவர்களோ, வந்தவன் மனம் கோணக்கூடாது என்று "யெஸ், யெஸ்" என்று தலையாட்டுவார்கள். ஹிஸாயே என்ற பெண் ஒரே பிற்பகலில் மூன்று வாக்குவம் கிளீனர் வாங்கியிருக்கிறாள்.

தோமொகோ நான்கு வருஷங்களாக வருகிறாள். வயது முப்பத்தைந்து இருக்கும். அவளுடைய ஆங்கிலம் நிதானமானது, ஒரு சொல்லைக் கீழே வைத்த பிறகுதான் அடுத்ததை எடுப்பாள். வகுப்பு முடிந்து மற்றவர்கள் கிளம்பினாலும் இவள் கிளம்பமாட்டாள். முதல் வருஷம் ஒரு நாள் அபயாம்பாள் பீன்ஸ் நறுக்க உட்கார்ந்தபோது, இவளும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. கத்திச் சத்தமும் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் சத்தமும்தான். சுவாமிநாதன் ஆபீஸிலிருந்து வந்தால் நியூஸ் போட்டுக்கொண்டு உட்காருவார். மகள் ஜலஜா டல்லாஸிலிருந்து ஞாயிறுதோறும் போன் பண்ணுவாள். இவள் தமிழில் கேட்க, அவள் ஆங்கிலத்தில் சொல்ல, "ஓகே மா, ஐ காட்டா கோ" என்று போகிற அவசரத்தில் முடியும். ஆக, பேசக் கற்றுக்கொடுக்கிற அபயாம்பாளுக்கு இந்த ஊரில் கூடவே பேசாமல் உட்கார ஆள் கிடைத்தது தோமொகோ ஒருத்திதான். அவள் கொண்டுவந்து கொடுத்த ஜப்பான் அரிசியில் தயிர்சாதம் பிசைந்தால் வெண்ணெயாக வருகிறது என்று கண்டுபிடித்ததும் அந்த மேஜையில்தான்.

ஷூ விஷயத்தில் அபயாம்பாளைக் கையும் களவுமாகப் பிடித்தவளும் தோமொகோதான். குடையை எடுக்க வாசலுக்கு வந்தவள், சென்செய் தன்னுடைய ஷூக்களை இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு குந்தியிருப்பதைப் பார்த்துவிட்டாள்.

"தெருவைப் பார்க்க வெச்சா எங்க ஊர்ல, எப்படா போகலாம்னு இருக்கான்னு அர்த்தம்" என்று அபயாம்பாள் அசடு வழிந்தாள்.

தோமொகோ யோசித்துச் சொன்னாள்: "எங்கள் ஊரில், போகிறவருக்குக் கஷ்டம் இருக்கக்கூடாது. சில சமயம் வீட்டு அம்மாவே திருப்பி வைப்பார். அது பெரிய மரியாதை."

"நல்ல மரியாதை! கழுத்தைப் பிடிச்சுத் தள்றாப்பல."

தோமொகோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் அவள் ஷூவைத் திருப்பி வைத்ததே இல்லை. வீட்டு மனுஷி மாதிரி உதறிவிட்டு உள்ளே வந்துவிடுவாள். ஒன்று அங்கே கிடக்கும், ஒன்று இங்கே கிடக்கும். அதைப் பார்க்க அபயாம்பாளுக்கு அப்படி ஒரு நிறைவு.

பாடத் திட்டத்தில் கடைசியாக ஒன்று உண்டு. அபயாம்பாள் அதைக் 'காலி பண்ற பாடம்' என்பாள். ஜப்பான் கம்பெனிகள் நாலைந்து வருஷம் போனால் ஆளைத் திருப்பிக் கூப்பிட்டுக்கொள்ளும், அனேகமாகக் குளிர்காலக் கடைசியில். அப்போது போனைத் துண்டிக்கச் சொல்ல வேண்டும், லைப்ரரி கார்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், குழந்தையின் பள்ளி ரிகார்டுகளைக் கேட்டு வாங்க வேண்டும், அண்டை வீட்டாரிடம் விடைபெற வேண்டும். இத்தனைக்கும் வசனம் இருக்கிறது. அந்தப் பாடம் படித்த எல்லோருமே ஒரு மாதத்துக்குள் விமானம் ஏறியிருக்கிறார்கள். போகப் போகிறவர்கள்தானே அதைப் படிக்க வருகிறார்கள் என்று நீங்களும் நானும் சொல்வோம். அபயாம்பாள் ஒப்புக்கொள்ளமாட்டாள். போன மார்ச்சில் ஹிஸாயேயும் போன பிறகு, தான் வாயைத் திறந்து அந்தப் பாடத்தை எடுப்பதால்தான் அவர்கள் போகிறார்கள் என்று அவள் மனசில் ஊறிவிட்டது. குடையை விரித்ததால்தான் மழை வந்தது என்கிற நியாயம்.

ஆகவே இந்த வருஷம் பிப்ரவரி பிறந்ததும் தோமொகோவுக்குப் பல் டாக்டர் பாடம் எடுத்தாள். மறு வாரம் மறுபடியும் பல் டாக்டர். அதற்கடுத்த வாரமும் அலமாரிக் கதவைத் திறந்தாள்.

"சென்செய், என் பல் நன்றாக இருக்கிறது" என்றாள் தோமொகோ.

"இருக்கும். பல்லை நம்பப்படாது."

அன்று ராத்திரி சாப்பாட்டில் சுவாமிநாதன் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "நீ பாடம் எடுத்தாலும் எடுக்காட்டாலும் அவ புருஷன் ஆபீஸ்ல கூப்பிட்டா போய்த்தானே ஆகணும், அபயம்?"

"எடுக்காம இருந்துதான் பார்க்கறேனே, உங்களுக்கென்ன?" என்று அவள் ரசத்தைக் கொஞ்சம் வேகமாகவே ஊற்றினாள்.

மார்ச் முதல் வாரம். வெளியே அழுக்குப் பனி கரைந்துகொண்டிருந்தது. வகுப்பு முடிந்து மற்றவர்கள் போயாயிற்று. அபயாம்பாள் பீன்ஸை எடுத்து மேஜையில் கொட்டினாள். தோமொகோ கத்தியை எடுக்கவில்லை. ஓரத்தில் இருந்த இரண்டு டெலிபோன்களில் ஒன்றைத் தன் பக்கம் இழுத்து, ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டாள். நிமிர்ந்து உட்கார்ந்து, சொல்லிக்கொடுத்தபடியே தலை குனியாமல் பேசினாள்.

"ஹலோ. ஐ வான்ட் டு டிஸ்கனெக்ட் மை டெலிபோன், ப்ளீஸ்."

முதல் வசனம். ஹிஸாயே போவதற்கு முன்னால் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். மேஜை மேல் மற்றொரு போன் கிடந்தது. அதை எடுக்காமல் இருந்துவிட்டால் இது நடக்கவில்லை என்றுகூட வைத்துக்கொள்ளலாம். ஆனால் எதிரில் ஒருத்தி காதில் ரிசீவரோடு, கண் கலங்கி, பதிலுக்காக உட்கார்ந்திருக்கிறாள். அபயாம்பாள் எடுத்தாள். மூக்குக் குரல் வரவில்லை, சொந்தக் குரல்தான் வந்தது.

"ஹோல்ட் ஆன்" என்றாள்.

ரிசீவரை மேஜையில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அடுப்பில் ஒன்றும் இல்லை. காலி வாணலியில் கரண்டியை விட்டுச் சுற்றிக்கொண்டிருந்தாள். குழாயைத் திறந்தாள், மூடினாள். கறிவேப்பிலை இருந்த பிளாஸ்டிக் பையைப் பிரித்து, உருவ வேண்டியதே இல்லாத இலைகளை உருவினாள். முகத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். திரும்பி வரும்போது தோமொகோ ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"எந்தத் தேதிலேர்ந்து?" என்று அபயாம்பாள் போனில் கேட்டாள்.

"மார்ச் இருபத்தெட்டு."

"உங்க பேரு?"

தோமொகோ தன் பெயரைச் சொல்லி, ஒவ்வொரு எழுத்தாகவும் சொன்னாள். ஒரு தப்பு இல்லை. அன்றைக்கு பீன்ஸ் நறுக்கப்படவில்லை.

பாக்கிப் பாடத்தை அடுத்த வகுப்புகளில் முடித்தார்கள். அபயாம்பாள் லைப்ரரியாக இருந்தாள், பள்ளிக்கூட ஆபீஸாக இருந்தாள், வீட்டுக்காரராக இருந்து மூக்கால் சிடுசிடுத்தாள். கடைசிக் கட்டம் அண்டை வீட்டு மிஸஸ் கெல்லி. அபயாம்பாள் மிஸஸ் கெல்லியைப் போல இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். தோமொகோ அவள் முகத்தைப் பார்த்து, "இட் வாஸ் நைஸ் நோயிங் யூ. ப்ளீஸ் கீப் இன் டச்" என்றாள்.

"மிஸஸ் கெல்லியைப் பார்த்துச் சொல்லு. என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லாதே" என்றாள் அபயாம்பாள்.

"அபயாம்பாரு சென்செய்க்கு என்ன சொல்ல வேண்டும்?"

"அது சிலபஸ்ல இல்லை" என்று சொல்லி அலமாரிக் கதவைச் சாத்தினாள்.

கடைசி நாள் தோமொகோ தனியாக வந்தாள். வழக்கம்போல ஷூக்களை உதறிவிட்டு உள்ளே வந்தாள். பாடம் எதுவும் நடக்கவில்லை. அபயாம்பாள் பீன்ஸைக் கொட்டினாள், இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து நறுக்கினார்கள். நான்கு பேர் உள்ள வீட்டுக்கே இரண்டு நாள் வரும்போலிருந்தது அந்த பீன்ஸ். மெல்லத்தான் நறுக்கினார்கள், இருந்தாலும் தீர்ந்துவிட்டது. நறுக்கியதை அபயாம்பாள் பாதியாகப் பிரித்து ஒரு டப்பாவில் போட்டு மூடிக் கொடுத்தாள். நாளைக்கு விமானம் ஏறப் போகிறவள் அதை என்ன செய்வாள் என்று அவளும் யோசிக்கவில்லை, வாங்கிக்கொண்டவளும் யோசிக்கவில்லை.

தோமொகோ எழுந்து கோட்டை மாட்டிக்கொள்ளத் தொடங்கினாள். அதற்குள் அபயாம்பாள், "தபால் வந்திருக்கான்னு பார்க்கறேன்" என்று முனகிக்கொண்டே வாசலுக்குப் போய்விட்டாள்.

ஷூக்கள் வீட்டைப் பார்த்தபடி, ஒன்று மிதியடி மேலும் ஒன்று தள்ளியும் கிடந்தன. முழங்கால் வலிக்கு ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு அபயாம்பாள் மண்டியிட்டாள். ஒன்றை எடுத்துப் புடவைத் தலைப்பால் அதன் மேலிருந்த பனிச் சேற்றைத் துடைத்தாள். இன்னொன்றையும் துடைத்தாள். பிறகு இரண்டையும் தெருவைப் பார்க்கத் திருப்பி, ஜோடியாகச் சேர்த்து வைத்தாள்.