பெர்சியக்காவும் வாய் வைக்காத பொம்மையும்

அதைக் கண்டது முத்துமீனா ஒருத்திதான். ஆரப்பாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற சிறப்புப் பள்ளியில், பிள்ளையைச் சேர்க்க வந்தவர்களின் வரிசையில் நின்றிருந்தாள். அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்ற ஏழு வயது மகள் தமிழ்வாணி, நின்ற இடத்திலேயே பாவாடையை நனைத்துவிட்டாள். முத்துமீனாவுக்கு உடம்பு கூசிப்போயிற்று. அந்நேரம் தண்ணீர்க் குடத்தோடு வந்த ஒரு பெண், வேண்டுமென்றே சரியாக அந்த இடத்தில் குடத்தைச் சாய்த்தாள்.

"ஐயையோ, கை வழுக்கிருச்சே! எல்லாரும் தள்ளி நில்லுங்க, தொடச்சு விட்டுர்றேன்."

துடைத்து முடித்ததும் ஒரு மாற்றுப் பாவாடையை முத்துமீனா கையில் வைத்து, குளியலறைப் பக்கம் கண்ணைக் காட்டிவிட்டுப் போய்விட்டாள்.

அவள்தான் பெர்சி. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். டீச்சர் அல்ல, கைவேலை அறையில் உதவியாள். காலையில் அறையைத் திறந்ததும் ஒரு சின்ன ஜெபம் சொல்லிவிட்டுத்தான் எதையும் தொடுவாள்.

தமிழ்வாணிக்குப் பேச்சு வரவில்லை. அதைவிடக் கொடுமை, தன் மணிக்கட்டைத் தானே கடித்துப் புண்ணாக்கிக்கொள்வாள். பெர்சி வண்ணம் கொடுத்தாள், பிள்ளை வீசி எறிந்தாள். தட்டி விளையாடச் சின்னக் கொட்டு கொடுத்தாள், பிள்ளை காதைப் பொத்திக்கொண்டாள்.

"உங்க ஊரு கண்மாயில களிமண்ணு கிடைக்குமா மீனா?" என்று பெர்சி கேட்டாள்.

முத்துமீனாவின் ஊரான திருவாதவூரிலிருந்து உரச்சாக்கில் மண் வந்தது. குளிர்ந்த மண்ணில் கை பட்டதும் பிள்ளை அடங்கிப்போனாள். பிசைந்து பிசைந்து விரல்களுக்குப் பலம் வந்தது. நாலு மாதத்தில் தானே கரண்டி பிடித்துச் சாப்பிட்டாள். சட்டைப் பொத்தானைப் போட்டாள். மணிக்கட்டுப் புண் ஆறிப் பொருக்கு உதிர்ந்தது.

ஆனால் பேச்சு மட்டும் வரவில்லை.

"பேரு தமிழ்வாணியா? வாயே தொறக்க மாட்டேங்குது?" என்று பஸ்ஸில் ஒருத்தி சிரித்தாள்.

"பேரு வைக்கையில எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று சொல்லிவிட்டு முத்துமீனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஊர் அய்யனாருக்கு அவள் நேர்ந்திருந்தாள். மகள் ஒரு வார்த்தை பேசினால் போதும், மண்ணில் பிள்ளை உரு செய்து வைப்பதாக. அந்த உருவில் குறை இருக்கக்கூடாது. ஒரு விரல் உடைந்திருந்தாலும் கோயில் வாசலில் வைக்கமாட்டார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை பெர்சி காகிதப் பொட்டலத்தோடு ஓடிவந்தாள். "மீனா, மொதமொதலா ஒரு ஆள் பொம்மை செஞ்சிருக்கா! வீட்டுல காட்டு."

பஸ்ஸில் பிரித்துப் பார்த்தாள். தலை, வயிறு, கை, கால். வாய் இல்லை. முத்துமீனாவுக்குப் பகீரென்றது. பிள்ளை கையாலேயே சாமி பதில் சொல்லிவிட்டதோ? பேசவே மாட்டாள் என்றா? குறைப்பட்ட உரு வீட்டுக்குள் போகக்கூடாது. மகளை வீட்டில் விட்டுவிட்டு, பொம்மையைக் கண்மாய்த் தண்ணீரில் போட்டாள். கரையும்வரை நின்றாள்.

அன்று தமிழ்வாணி வீடு முழுக்கத் தேடினாள். கட்டிலுக்கு அடியில், அரிசிப் பானைக்குள், அப்பா பாண்டிராஜின் சட்டைப் பையில்கூட. பிறகு மணிக்கட்டைக் கடித்தாள். ரத்தம் வந்தது.

பத்து நாள் அவள் மண்ணைத் தொடவில்லை. கரண்டியையும் பிடிக்கவில்லை. வந்ததெல்லாம் போய்விடுமோ என்று முத்துமீனாவுக்குத் தூக்கம் போயிற்று. அதற்குள் இன்னொரு செய்தியும் வந்தது. பெர்சியின் கணவர் ஜெர்சனுக்குத் திருநெல்வேலிக்கு மாற்றல். இன்னும் ஆறு நாளில் பெர்சி கிளம்புகிறாள்.

முத்துமீனா அன்றே பெர்சியிடம் எல்லாவற்றையும் கொட்டி அழுதாள். "பாவி நான், கரைச்சிட்டேனேக்கா."

பெர்சி திட்டவில்லை. "என்கிட்ட சொல்லிட்ட. அவகிட்ட சொன்னியா?"

"அவளுக்கு வெளங்குமாக்கா?"

"வெளங்காமலா அம்புட்டு எடத்துலயும் தேடுனா?"

மறுநாளிலிருந்து முத்துமீனா கைவேலை அறையின் தரையில் மகளுக்கு எதிரே உட்கார்ந்து மண் பிசைந்தாள். "நாந்தான் தாயி தண்ணியில போட்டேன். பயந்துட்டேன்." பிள்ளை சுவரைப் பார்த்தே இருந்தாள். முதல் நாளும் அப்படியே, மூன்றாம் நாளும் அப்படியே.

"நீங்க போயிட்டா நான் என்ன செய்வேன்க்கா?"

"எனக்கும் பயமாத்தான் இருக்கு. பெசைஞ்சுக்கிட்டே இரு."

கடைசி நாள். பெர்சியின் பை வாசலில் இருந்தது. மத்தியானத்துக்கு மேல் தமிழ்வாணி மெல்ல நகர்ந்து வந்து, அம்மா கையிலிருந்த உருண்டையைப் பிடுங்கிக்கொண்டாள். தலை வந்தது, வயிறு வந்தது. கைகள் உடம்பைவிடப் பெரிதாக, ஒன்றில் ஐந்து விரல், இன்னொன்றில் ஆறு. இந்தத் தடவையும் வாய் இல்லை. பிள்ளை மண் அப்பிய தன் விரலை அம்மாவின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். பிறகு பொம்மையையும் அதிலேயே வைத்தாள்.

முத்துமீனா அதை முந்தானையில் ஏந்திக்கொண்டு ஆட்டோவரை வந்தாள். "பேசுவாளாக்கா?"

"அது கர்த்தருக்குத்தான் தெரியும் மீனா. எனக்குத் தெரியல," என்றாள் பெர்சி. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தவள், வெளியே தலையை நீட்டினாள்.

"அதை வெயில்ல வச்சுராதம்மா, வெடிச்சுரும். அவ பாக்குற எடமா வச்சு, நெழல்லயே காய விடு."