மூன்று படியிலும் தண்ணீர்

என் தங்கை பிலியானாவுக்கு அது பன்னிரண்டாவது நேர்காணல். முந்தைய பதினொன்றையும் கட்டம் போட்ட ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். தேதி, ஊர், எத்தனை நிமிடம் நடந்தது, என்னென்ன கேட்டார்கள். அவள் வீட்டுக்குள் வந்து காலணியைக் கழற்றும்போதே கேட்டு எழுதிக்கொள்வேன். அரை மணி நேரம் விட்டால் அவளுக்குச் சொல்ல மனம் வராது.

மொத்தம் நாற்பத்து மூன்று கேள்விகள் சேர்ந்திருந்தன. "ஐந்து வருடம் கழித்து எங்கே இருப்பீர்கள்?" என்று ஒன்பது பேர் கேட்டிருந்தார்கள். "கார் ஓட்டத் தெரியுமா?" என்று நான்கு பேர். "கல்யாணம் செய்துகொள்ளும் எண்ணம் உண்டா?" என்று மூன்று பேர். ஐந்தரை வருடம் தலைநகர் சோஃபியாவில் அவள் படித்தது நுண்ணுயிர்களைப் பற்றி. அதைக் கேட்டவர்கள் இரண்டே பேர். ஒரு நேர்காணலில் ஆளே இல்லை. கணினித் திரையில் கேள்வி வந்தது, எதிரே ஓடும் நொடிகளைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்ல வேண்டும். இன்னொன்று நான்கு நிமிடத்தில் முடிந்தது. அதற்காக அவள் போக வர ஐந்து மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாள்.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். எங்கள் ஊர் வ்ராத்சாவில் ஒரு ரொட்டி ஆலையில் இருபத்தொரு வருடமாக இரவு வேலை. மாவைத் துண்டு போடும் இயந்திரம் என்னுடையது. ஒரு துண்டு எழுநூற்று முப்பது கிராம். அடுப்பிலிருந்து வெளியே வரும்போது அறுநூற்றைம்பது இருக்க வேண்டும். அப்பா போனபோது பிலியானாவுக்கு ஐந்து வயது, எனக்குப் பதினெட்டு. அம்மா இத்தாலியில் ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போய் ஒன்பது வருடம் ஆகிறது.

ஏழு வயதில் பிலியானா ஊறுகாய் ஜாடியில் தவளை முட்டை கொண்டுவந்து குளியலறையில் வைத்தாள். எத்தனைக்குக் கால் முளைத்தது என்று தினமும் சுவர் ஓட்டில் பென்சிலால் எழுதினாள். ஒரு நாள் தப்பாக எண்ணிவிட்டாள். ஈரத்துணியால் துடைத்துக் கொடுக்கப் போனேன். "தொடைக்காத. தப்பா எண்ணுனேன்னு தெரியணும்ல" என்று அதன் மேல் ஒரு கோடு மட்டும் போட்டு, பக்கத்தில் சரியான எண்ணை எழுதினாள். அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, இவள் படிக்க வேண்டியவள் என்று. வெந்நீர் ஊற்றில் வாழும் நுண்ணுயிர்களைப் பற்றி அவள் எழுதிய ஆய்வின் தலைப்பு பதினேழு சொல். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தப்பில்லாமல் சொல்வேன்.

பன்னிரண்டாவது நேர்காணல் எங்கள் ஊரிலேயே, மாவட்டத்துத் தண்ணீர்ச் சோதனைக்கூடத்தில். ஜனவரி மாதம், புதன்கிழமை, காலை ஒன்பது மணி. அதுவும் கிடைக்காவிட்டால் சனிக்கிழமை நண்பகல் பஸ்ஸில் அவள் ஜெர்மனிக்குப் போவதாக முடிவு. அங்கே படுக்கையில் கிடக்கும் ஒரு கிழவியைக் கவனித்துக்கொள்ள வேண்டும். ஏஜென்சியில் கையெழுத்துப் போட்டுவிட்டாள். மூன்று மாதம்தான் என்றாள். அம்மாவும் இத்தாலிக்கு மூன்று மாதம் என்றுதான் போனாள். பிலியானாவின் பெட்டி கூடத்தில் பாதி நிரம்பித் திறந்தே கிடந்தது. கழிப்பறைக்குப் போகும்போதெல்லாம் அதைத் தாண்டித்தான் போனேன்.

நான் பகலில் தூங்கி எழுந்து மூன்று மணிக்குச் சமையலறை மேசையில் ஒத்திகை நடக்கும். நான்தான் அதிகாரி.

"உக்காருங்க. உங்களப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க."

"மொதல்ல அந்தச் சட்டையில இருக்குற மாவைத் தட்டுண்ணா. மாவு பூசுன அதிகாரிய நான் பாத்ததே இல்ல."

"அதிகாரிய எதுத்துப் பேசுறீங்க. குறிச்சுக்கிறேன்."

"குறிச்சுக்கோ. அது ஒண்ணுதான் ஒனக்குத் தெரியும்."

"ஊற்றுத் தண்ணி ஆராய்ச்சி எத்தன மாசம் பண்ணுனீங்க?"

"அஞ்சு மாசம்."

"போன செவ்வாக்கெழம நாலு மாசம்னு சொன்ன."

"நாலரைண்ணா."

"அப்ப நாலரைன்னு சொல்லு. சரி, உங்க பலவீனம் என்ன?"

"தூக்கம்."

"அப்படிச் சொல்லக் கூடாது. நோட்டுல வேற பதில் இருக்கு."

"அத நீயே படிச்சுக்கோ. என் பதிலக் கேட்டு எனக்கே கொட்டாவி வருது. யாரோ ஒருத்தி பேசுற மாதிரி இருக்கு. நல்ல பொண்ணு. ஆர்வமா இருக்கா. எல்லாரோடவும் ஒத்துப்போவா. அவள எனக்குப் புடிக்கவே இல்ல."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. மேசை மேல் தலையை வைத்துக்கொண்டாள். தேநீரை ஆற்றி அவள் கைக்குப் பக்கத்தில் தள்ளி வைத்தேன்.

வேலை அறிவிப்பில் "சிறு செய்முறைத் தேர்வும் உண்டு" என்று ஒரு வரி இருந்தது. கட்டைவிரலால் அமுக்கும் பிப்பெட் என்ற அளவுக்குழாயால் பத்துத் தடவை ஒரே அளவு தண்ணீரை எடுத்துவிடச் சொல்வார்களாம், ஒவ்வொரு தடவையும் எடை பார்ப்பார்களாம். அவளோடு படித்த ஒரு பெண் சொன்னது. பிலியானா பிப்பெட்டைத் தொட்டுப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது.

"கட்டவிரல் மறந்துடும்ணா. எல்லாமே கட்டவிரல்லதான் இருக்கு."

"ஒரு மில்லி தண்ணி எவ்ளோ எடை?"

"ஒரு கிராம்."

"சரியா ஒரு கிராமா?"

"கிட்டத்தட்ட."

எடை என்றால் எனக்கு வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கீழ்வீட்டு த்சோன்கா சித்தியின் வீட்டுக்காரர் வேட்டைக்காரர். தோட்டாவுக்கு வெடிமருந்து நிறுக்கும் சின்னத் தராசு வைத்திருக்கிறார், கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும். அதை வாங்கி வந்தேன். மருந்துக்கடையில் சிரிஞ்சு வாங்கினேன். தயிர் டப்பாவைக் கழுவித் தராசில் வைத்தேன். பிப்பெட் வேறு, சிரிஞ்சு வேறு என்றாள். இருந்தாலும் உட்கார்ந்தாள். முதல் நாள் 0.94, 1.07, 0.98 என்று எண்கள் குதித்தன.

"மூச்ச விடும்போது அமுக்குற. மூச்சு நின்னதும் அமுக்கு" என்றேன்.

"இதெல்லாம் ரொட்டி ஆலையில சொல்லித்தர்றாங்களா?"

"முள்ளு நிக்குறதுக்கு முன்னாடி பொத்தான அமுக்குனா மேஸ்திரி காதத் திருகுவாரு."

நான்காம் நாள் பத்தில் எட்டு 0.99க்கும் 1.01க்கும் நடுவில் நின்றன. எல்லாவற்றையும் எழுதினேன். அவள் முகத்திலும் ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

செவ்வாய்க்கிழமை மாலை அம்மா போனில் கூப்பிட்டாள். "ஸ்தாமென், நாளைக்கு அவ கெளம்பும்போது மறக்காமத் தண்ணி ஊத்து. காரியம் தண்ணி மாதிரி ஓடணும்." நல்ல காரியத்துக்குக் கிளம்புகிறவர் மிதித்துப் போக வாசலில் தண்ணீர் ஊற்றுவது எங்கள் பக்கத்து வழக்கம்.

பிலியானா போனைப் பிடுங்கிக்கொண்டாள். "அம்மா, பதினோரு தடவ ஊத்தியாச்சு. மாடிப்படிதான் சுத்தமாச்சு. இந்தத் தடவ வேணாம். யாராவது ஊத்துனீங்க, நான் திரும்பி உள்ள வந்துடுவேன்." பிறகு என்னைப் பார்த்து, "ஒனக்குந்தான்" என்றாள்.

சரி என்றேன். மனம் கேட்கவில்லை. இந்தப் பன்னிரண்டாவதில் ஒன்று குறைந்து, அதனால்தான் போயிற்று என்று ஆகிவிட்டால்? புதன்கிழமை ஆறரை மணிக்கு ஆலையிலிருந்து திரும்பியபோது, கையில் இருந்த தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து, கட்டடத்து வாசல் படிகளில் ஊற்றினேன். வீட்டு வாசலில் ஊற்றினால்தானே அவளுக்குத் தெரியும்? மூன்று படிகள். எதையும் விடவில்லை. ஒவ்வொரு படியிலும் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே அளவாக. மாடிக்குப் போய்ச் சூடான ரொட்டியை மேசையில் வைத்தேன்.

வெளியே மைனஸ் ஒன்பது டிகிரி உறைகுளிர். அது எனக்கு உறைக்கவே இல்லை.

எட்டேகாலுக்கு அவள் இறங்கிப் போனாள். நான் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது கீழே த்சோன்கா சித்தியின் குரல் நான்கு மாடிக்கும் கேட்டது.

"எந்த முட்டாப்பய இங்க தண்ணி ஊத்துனது? ஸ்தாமென்! சீக்கிரம் வாடா, புள்ள விழுந்துட்டா!"

பிலியானா கடைசிப் படியில் உட்கார்ந்து வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். படிகள் மூன்றும் கண்ணாடி மாதிரிப் பளபளத்தன. அவள் படிகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"மூணு படியிலயுமா?"

"மூணுலயும்" என்றேன்.

திட்டியிருந்தால் தேவலை. அவள் கண்ணை மூடி, நாங்கள் பழகிய மாதிரியே, மூச்சு நிற்கும் வரை காத்திருந்தாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றேன்.

"ஒம்பது மணிக்கு இன்டர்வியூ."

"கை வீங்குதுடி."

"தெரியுது. என் பைய எடு."

த்சோன்கா சித்தி தன் கழுத்துத் துணியைக் கழற்றி, ஒரு கை பனியை அதில் வைத்து மணிக்கட்டில் கட்டினாள். "அதிர்ஷ்டம் வேணும்னா வெயில் காலத்துல ஊத்தணும்டா, அறிவுகெட்டவனே" என்று என் முதுகில் ஒன்று வைத்தாள். படி வழுக்காமல் இருக்கத் தூவ அடுப்புச் சாம்பல் கொண்டுவரப் போனாள். சோதனைக்கூடம் வரை பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்தேன். கதவருகே பிலியானா திரும்பி, "வீட்டுக்குப் போய்த் தூங்கு" என்றாள்.

நான் போகவில்லை. எதிரே இருந்த பஸ் நிறுத்தத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். இருபத்தொரு வருடத்தில் ஒரு துண்டு மாவு அளவு தப்பியதில்லை என்று பெருமைப்பட்டவன் நான். ஒரு பாட்டில் தண்ணீரில் ஐந்தரை வருடப் படிப்பைக் கெடுத்துவிட்டேன்.

பதினொன்றே காலுக்கு வெளியே வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். நோட்டை எடுக்கலாமா என்று தெரியாமல் பையிலேயே வைத்திருந்தேன்.

"எழுதலயா?" என்றாள்.

"சொல்லு."

"நாப்பத்து மூணுல ஒண்ணுகூடக் கேக்கல."

"அஞ்சு வருசம் கழிச்சு?"

"அதுவும் கேக்கல. நேரா செய்முறைதான். எடது கையால பண்ணுனேன். மோசம்ணா. ஒரு எண்ணுக்கும் இன்னொரு எண்ணுக்கும் சம்பந்தமே இல்ல. தாள்ல கடைசியில குறிப்புன்னு ஒரு கட்டம் இருந்துச்சு. வலது கையில அடி, இடது கையால எடுத்தது, வித்தியாசம் அனுமதிச்சத விட அதிகம், இந்த அளவுகள நம்ப வேணாம், திரும்ப எடுக்கணும்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன்."

"நம்ப வேணாம்னு நீயே எழுதுனியா?"

"நம்பக் கூடாதுல்ல. அது தண்ணிண்ணா. ஊரே குடிக்கிற தண்ணி."

சோதனைக்கூடத் தலைவி கலோயானோவா அம்மாள் அந்தத் தாளை இரண்டு தடவை படித்தாராம். பிறகு கையில் என்ன என்று கேட்டிருக்கிறார்.

"என்ன சொன்ன?"

"எனக்கு நல்லது நடக்கணும்னு எங்கண்ணன் வாசல்ல தண்ணி ஊத்துனான், அது ஒறஞ்சு நான் விழுந்தேன்னு சொன்னேன். பக்கத்துல இருந்த ஆளு மேசையத் தட்டித் தட்டிச் சிரிச்சாரு. அந்தம்மா சிரிக்கல. 'எத்தன படி?'ன்னு கேட்டாங்க."

கை முறியவில்லை, சுளுக்குத்தான் என்றார் டாக்டர். வியாழக்கிழமை முழுக்க அவள் இடது கையால் துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்தாள். நான் உதவப் போனால் "போண்ணா" என்றாள். ஒவ்வொரு துணியாகப் பெட்டி நிரம்பிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குப் போன் வந்தது. "சரி... சரி... புரியுது... நன்றிங்க" என்றாள். வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எடுத்துக்கிட்டாங்க. ஆறு மாசத்துக்கு. பிரசவத்துக்குப் போனவங்க எடத்துல."

கத்தினேன். கீழ்வீட்டுக்குக் கேட்கட்டும் என்றே கத்தினேன். "அந்தக் குறிப்பாலதான்! நான் சொல்லல?"

"நீ ஒண்ணும் சொல்லல. மூணு பேரு விண்ணப்பம் போட்டிருந்தாங்க. ஒருத்தரு வரவே இல்ல. இன்னொருத்திக்குச் சோஃபியாவுல கெடச்சிருச்சு. யாருக்குத் தெரியும்ணா." பெட்டிக்குப் பக்கத்தில் மடிக்காமல் கிடந்த துணிகளின் மேலேயே படுத்தாள். "பஸ்காரனுக்கு நீ போன் பண்ணிச் சொல்லு. எனக்கு யாரோடவும் பேச முடியல." சொல்லி முடிக்கும்போதே தூங்கிவிட்டாள். மறுநாள் நண்பகல் வரை எழுந்திருக்கவில்லை. அந்த பஸ் கிளம்பும் நேரம் அது.

அந்தக் குறிப்பால்தான் கிடைத்தது என்று நோட்டில் எழுதினேன். அவள் பார்த்துவிட்டு அதன் மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் "காரணம் தெரியவில்லை" என்று இடது கையால் எழுதினாள். இரண்டும் இன்னும் இருக்கின்றன.

அவள் முதல் நாள் வேலைக்குப் போகும்போது நான் ஆலையிலிருந்து வந்து வாசற்கதவருகே சும்மா நின்றேன். கையில் பாட்டில் இல்லை என்று அவளே பார்த்துக்கொண்டாள். காலணிக் கயிற்றைக் கட்டினாள். நிமிர்ந்தாள்.

"அம்மா கேப்பா" என்றாள்.

"கேப்பா."

சமையலறைக்குப் போய்ச் சிரிஞ்சைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். "ஒரு மில்லி. வீட்டுக்குள்ள. கால்மிதி மேல."

மூச்சு நிற்கும் வரை காத்திருந்து அமுக்கினேன். கால்மிதியில் ஒரு சின்ன ஈரவட்டம் விழுந்தது. அவள் அதைத் தாண்டாமல், அதன் மேலேயே மிதித்துக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்தபடி மெதுவாக இறங்கிப் போனாள்.