மறுப்புச் சொல்ல ஓர் ஆள்

நான் சூரிச்சில் ஒரு யூத முதியோர் இல்லத்தில் பராமரிப்பு உதவியாளன். குளிக்க வார்ப்பது, உடுப்பு மாற்றுவது, இரத்த அழுத்தம் பார்ப்பது என் வேலை. சேர்ந்த முதல் கிழமையே வாசிப்பறையில் ஒரு சண்டையை விலக்கப் போய் மூக்குடைபட்டேன். இரண்டு கிழவர்கள் ஒரு தடித்த புத்தகத்தை நடுவில் வைத்துக்கொண்டு, மேசையில் அடித்து அடித்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவர் முன்னாள் துணிக்கடைக்காரர். மற்றவர் முன்னாள் கணக்கு வாத்தியார். எங்கள் ஊரில் அப்படியொரு சத்தம் வேலிச் சண்டைக்குத்தான் கேட்கும். நான் நடுவில் புகுந்து, அமைதியாக இருக்கும்படி எனக்குத் தெரிந்த ஜேர்மனில் கெஞ்சினேன். இருவரும் ஒரே நேரத்தில் என்னை முறைத்தார்கள்.

“நாங்கள் படிக்கிறம்!” என்றார் துணிக்கடைக்காரர். அவர்கள் ஜேர்மனில் கதைத்ததை என் வாய்க்கு வந்த தமிழில்தான் எழுதுகிறேன்.

படிப்பாம்! சமையலறையில் வேலை செய்யும் பெண்மணிதான் எனக்கு விளங்கப்படுத்தினார். அவர்களுடைய சமயச் சட்டநூலைத் தனியே இருந்து படிப்பது வழக்கமில்லை. இரண்டு பேராகத்தான் படிப்பார்கள். ஒருவர் வாசித்துப் பொருள் சொல்ல, மற்றவர் அதை மறுக்க வேண்டும். மறுப்பு வராவிட்டால் படித்ததாகவே கணக்கில்லை. படிக்காமல் வீணாக்கும் நேரம் பாவத்தில் சேருமாம். அன்றைய வழக்கு, ஒருவனுடைய காளை இன்னொருவனுடைய பசுவை முட்டினால் யார் பொறுப்பு என்பது. துணிக்கடைக்காரர் வாழ்நாளில் தொட்ட மாடு அவருடைய தோல் சப்பாத்துதான். வாத்தியாருக்குத் தெரிந்தது பால் பெட்டியில் அச்சடித்த பசு. நாடு முழுக்க மணி கட்டிய மாடுகள் மேய்ந்துகொண்டிருக்க, இவர்கள் எந்தக் காலத்திலோ செத்துப்போன மாட்டுக்கு வழக்காடினார்கள்.

சிறுவயதில் தொடங்கிய அதே நூல். ஒரு தரம் படித்து முடிக்க ஏழு வருடத்துக்கு மேல் செல்லுமாம். முடித்ததும் திரும்ப முதலாம் பக்கம். எங்கள் ஊரில் ஒரே வகுப்பில் இரண்டு வருடம் இருந்தவனைச் சைக்கிள் கடைக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டில் வந்து மனைவிக்குச் சொன்னேன்.

“சோதினை ஒண்டும் இல்லையோ?” என்று கேட்டாள்.

“இல்லை.”

“சேட்டிபிக்கற்?”

“அதுவும் இல்லை.”

“பேந்து ஏன் படிக்கினம்?”

அவளில் பிழை சொல்ல முடியாது. எங்கள் பிள்ளைகள் சனிக்கிழமை தமிழ் வகுப்பு, பிறகு கணக்கு வகுப்பு, பிறகு மிருதங்கம் என்று ஓடுவது சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட ஒரு கடதாசிக்குத்தான். கடதாசி மாட்டியாயிற்று என்றால் மிருதங்கம் நிலவறைக்குப் போய்விடும்.

அந்தக் கிழவர்களின் படிப்பில் எனக்குச் சட்டென்று விளங்கியது ஒன்றே ஒன்று. கோடையில், இடிக்கப்பட்ட தங்கள் பழைய ஆலயத்தை நினைத்து ஒன்பது நாள் துக்கம் காப்பார்கள். இறைச்சி கிடையாது. ஆனால் அந்த நாட்களில் யாராவது நூலின் ஒரு பாகத்தைப் படித்து முடித்தால் விருந்து வைக்க வேண்டும். அந்த விருந்தில் இறைச்சிக்குத் தடை இல்லை. பெரும்பாலான வருடங்களில் எங்கள் கிழவர்கள் ஏதாவது ஒரு பாகத்தைச் சரியாக அந்த நாட்களில்தான் முடித்தார்கள். “படிப்பிலை கெட்டிக்காரர், சாப்பாட்டிலை அதைவிடக் கெட்டிக்காரர்” என்பார் சமையலறைப் பெண்மணி. பூசைக்கு வராமல் அன்னதானத்துக்கு நிமிடம் பிசகாமல் வந்து சேரும் சனத்தோடு வளர்ந்தவன் நான். எனக்கா விளங்காது?

போன வருடம் வசந்த காலத்தில் வாத்தியாருக்குப் பாரிசவாதம் வந்தது. வலப்பக்கமும் பேச்சும் போய்விட்டன. ஆஸ்பத்திரியிலிருந்து சக்கர நாற்காலியில் திரும்பி வந்தவர் எதைக் கேட்டாலும் தலையாட்டினார். தேத்தண்ணி வேண்டுமா? ஆட்டினார். கோப்பியா? அதற்கும் ஆட்டினார். அடுத்த நாளே துணிக்கடைக்காரர் புத்தகத்தோடு வந்து எதிரே இருந்தார். நூல் ஒரு சுற்று வந்து திரும்பவும் அந்தக் காளை வழக்குப் பாகம், அது முடியச் சில பக்கங்களே மிச்சம். வாசித்தார், பொருள் சொன்னார், மறுப்புக்காகக் காத்திருந்தார். வாத்தியார் தலையாட்டினார்.

மதகுரு வந்து, மிச்சத்தைத் தனியே முடிக்கலாம், அல்லது வேறு ஆளோடு முடிக்கலாம் என்று தன்மையாகச் சொன்னார். துணிக்கடைக்காரர் சீறினார்.

“ஓம் எண்டு சொல்ல எனக்குச் சுவரே போதும். இவன் இல்லை எண்டு சொல்லாமல் நான் பக்கம் திருப்பமாட்டன்.”

திருப்பவும் இல்லை. நாள் தவறாமல் வந்து அதே பக்கத்தை வாசித்தார். பிறகு தூண்டில் போடத் தொடங்கினார். “காளைக்காரன்ரை பக்கம் ஒரு பிழையும் இல்லை. பசுதான் மன்னிப்புக் கேக்கவேணும், என்ன?” வாத்தியார் பணிவாகத் தலையாட்டினார். துணிக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். துக்க நாட்கள் ஒன்பதும் மீனோடும் சீஸோடும் கழிந்தன. பாகம் முடியவில்லை.

இலையுதிர் காலத்தில் ஒரு பின்னேரம். வாத்தியாரின் இடக்கையில் பட்டியைச் சுற்றி அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே வழக்கமான வாசிப்பு. அன்றைக்குத் தூண்டில் ஒன்றும் இல்லை, துணிக்கடைக்காரர் களைத்துப்போய் ஒழுங்காகத்தான் பொருள் சொன்னார். திடீரென்று அந்த இடக்கை பட்டியையும் என்னையும் இழுத்துக்கொண்டு போய் மேசையில் அறைந்தது. தசை இழுக்கிறதாக்கும் என்று நினைத்துப் பிடித்தேன். கை என்னை உதறிவிட்டுப் புத்தகத்துக்குப் போனது. பக்கத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்த உரையில் ஒரு வரியை விரல் குத்தியது.

துணிக்கடைக்காரர் குனிந்து அந்த வரியை வாசித்தார். இன்னொரு தரம் வாசித்தார்.

“நான் பிழையாம்” என்றார். பிறகு எழும்பி, கதவைத் திறந்து, தாழ்வாரம் முழுக்கக் கேட்கக் கத்தினார். “கேட்டீங்களோ, நான் பிழையாம்! இவன் சொல்லுறான், நான் பிழையாம்!” கண்ணீர் தாடியில் இறங்கியது. தன் பிழைக்கு இப்படிச் சந்தோசப்பட்ட மனிதரை நான் அதற்கு முன் கண்டதில்லை. கருவியில் அழுத்தம் ஏறிக் கிடந்தது. டொக்டர் காரணம் கேட்டால் காளை என்று சொல்ல இருந்தேன்.

அந்தக் கிழமையே பாகம் முடிந்தது. துக்க நாளும் இல்லை, தந்திரமும் தேவைப்படவில்லை. சமையலறைப் பெண்மணி தானாகவே இறைச்சி சமைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை வின்டர்தூரில் எங்கள் கோயில் மண்டபத்தில் புராணப் படிப்பு. எங்களிடமும் இரண்டு பேர்தான். ஒருவர் பாட்டைப் படிக்க, மற்றவர் பயன் சொல்வார், அதாவது பாட்டின் பொருளை விரித்துச் சொல்வார். பயன் சொல்லுகிற அண்ணை கோயில் நிர்வாக சபையின் தலைவரும் கூட. பாட்டில் போர்க்களம் வந்தது. அண்ணை அதைத் தொட்டுவிட்டு, மகன் வாங்கிய புதுக் கார், மண்டபத்துக்குப் போட்ட கம்பளம் என்று போய், பாட்டில் இல்லாத ஒரு பொருளோடு திரும்பி வந்தார். பாட்டுப் படித்தவருக்கு அது தெரியும். முன்வரிசைக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பின்னால் சாம்பார் வாசம் வரத் தொடங்கியிருந்தது.

“நான் சொன்னது சரிதானே?” என்று ஒலிவாங்கியில் கேட்டார் அண்ணை.

“ஓம் அண்ணை” என்றோம். மண்டபம் முழுக்கத் தலையாட்டியது. அங்கே ஒருவருக்கும் பாரிசவாதம் இல்லை.