அண்ணி குப்பையில் போட்ட படங்கள்

என் படங்களை அண்ணி குப்பையில் போட்டதால் என் பட்டம் எட்டு மாதம் தள்ளிப்போனது. அதற்காக அவருக்கு நான் ஆயுளுக்கும் கடமைப்பட்டவள். அன்றைக்கு மட்டும் அப்படித் தோன்றவில்லை. அன்றைக்கு நான் போட்ட கூச்சலில் பக்கத்து லயத்து வீடுகளெல்லாம் எட்டிப் பார்த்தன.

பல்கலைக்கழகத்தில் ஈஸ்ட்டை வைத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். பேக்கரியில் பாணுக்குப் போடும் அதே ஈஸ்ட்தான். ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது ஒவ்வொரு குரோமோசோமையும் அதன் இடுப்பில் பிடித்து இழுக்க வேண்டும். அந்த இடுப்புக்கு சென்ட்ரோமியர் என்று பெயர். டிஎன்ஏயைப் பார்த்து எழுதப்படும் ஆர்என்ஏ, எழுதி முடிந்ததும் விலகிப் போக வேண்டியது. சில சமயம் போகாமல் டிஎன்ஏயோடேயே ஒட்டிக்கொண்டு கிடக்கும். இப்படி ஒட்டிய இழைகள் இடுப்பில் கூடிப்போனால் பிடி சரியாக விழாது, ஏதோ ஒரு செல் குரோமோசோம் இல்லாமல் போய்விடும். இதைத்தான் நான் காட்ட நினைத்தேன்.

ஒட்டியதை அகற்றும் நொதிகளை நீக்கிய ஈஸ்ட் ஒரு வகை, எதையும் நீக்காத சாதாரண ஈஸ்ட் இன்னொரு வகை. இரண்டும் தட்டில் வெள்ளைப் பொட்டுகளாக வளரும். நாங்கள் கவனிக்கும் குரோமோசோமைத் தொலைத்த செல்கள் மட்டும் சிவப்பாகும்படி செய்திருந்தோம். வெள்ளைப் பொட்டில் கேக் துண்டு போல ஒரு சிவப்புக் கீற்று விழும். கீற்று விழுந்த பொட்டுகளை எண்ண வேண்டும். எண்ணினேன். நொதி இல்லாததில் நிறையச் சிவப்பு, சாதாரணத்தில் இல்லவே இல்லை என்று சொல்லிவிடலாம். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

எது எந்த வகை என்று தெரியாத ஒருவரும் எண்ண வேண்டும் என்பது பேராசிரியரின் விதி. வெறும் சடங்கு என்று நினைத்தேன். பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் அண்ணன் வீட்டுக்கு வந்த இடத்தில், கொழுந்து பறிக்கும் அண்ணிக்கு அன்று லீவு என்பதால், அவர் கையில் போனைக் கொடுத்தேன். பொட்டுகளைத் தனித்தனியாகப் படம் எடுத்து அதில் வைத்திருந்தேன்; படங்களின் மேல் வகைப் பெயர் இல்லை, வெறும் எண்கள்தான் இருந்தன.

"செவப்பு இருந்தா இந்த ஹார்ட்ட அமுக்குங்க அண்ணி. வெள்ளையா இருந்தா விட்டுருங்க" என்று சொல்லிவிட்டுப் பீலித் தண்ணீரில் துணி துவைக்கப் போனேன்.

திரும்பி வந்து பார்த்தால் போனில் வெள்ளைப் பொட்டுகள் மட்டுமே இருந்தன.

"செவப்பெல்லாம் எங்க அண்ணி?"

"ஹார்ட்டுக்குப் பக்கத்துல இருந்த கூடைய அமுக்கிக் குப்பையில போட்டுட்டேன் தங்கச்சி. முத்தல் எலைய யாராவது கொழுந்தோட நிறுவைக்குக் கொண்டு போவாங்களா? பொறுக்கிப் போட்டுட்டுத்தானே போவோம். ஒனக்கு நல்லதா நிக்கட்டும்னுதான்."

"கொஞ்சமாவது அறிவு இருக்கா ஒங்களுக்கு?" என்று கத்தினேன். இதை எழுதவே கை கூசுகிறது. அண்ணி அடுப்பு வேலையைப் பார்க்கக் குசினிக்குள் போய்விட்டார்.

அழித்த படங்கள் சில நாட்கள் போனிலேயே கிடக்கும் என்பது கத்தி முடித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. போன உயிர் திரும்பியது. எண்களை என் பட்டியலோடு ஒத்துப் பார்த்தேன். நொதி இல்லாதவை வரிசையாக வந்தன. அவற்றுக்கு நடுவே, நான் வெள்ளை என்று எழுதியிருந்த சாதாரண ஈஸ்ட்டும் வந்தது. பெரிதாக்கினேன். ஓரத்தில் மெல்லிய சிவப்பு. அடுத்ததிலும். அதற்கு அடுத்ததிலும். அண்ணி ஒன்றில்கூடத் தவறவில்லை.

பிறகு எல்லாவற்றையும் முறையாக எண்ணியபோது வித்தியாசம் சுருங்கியது, ஆனால் அழியவில்லை. சாதாரண செல்லிலும் அந்த ஒட்டல் கொஞ்சம் இருக்கிறது, குரோமோசோமும் அவ்வப்போது தொலைகிறது, ஒட்டல் கூடினால் தொலைவதும் கூடுகிறது. நான் சொல்லக்கூடிய உண்மை அவ்வளவுதான். ஆனால் அன்று பகல் எனக்குத் தெரிந்ததெல்லாம், மறுநாள் பேராசிரியருக்கு அனுப்பவேண்டிய ஆய்வேட்டு அத்தியாயம் பொய் என்பது மட்டுமே.

குசினி வாசலில் போய் நின்றேன். அண்ணி ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார்.

"மன்னிச்சிருங்க அண்ணி. நீங்க பொறுக்குனதுதான் சரி. நான்தான் தப்பா எண்ணியிருக்கேன்."

"அதுக்கு என்ன இப்ப? நீ வேணும்னா செஞ்ச? கண்ணு தப்பியிருக்கும்."

ஆமாம் என்று சொல்லி அதோடு விட்டிருக்கலாம். நான் அவ்வளவு திட்டிய பிறகும் தப்பிக்க எனக்கு வழி விட்ட மனுஷி அவர். அவரிடம் அந்தப் பொய்யையும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"கண்ணு தப்பல அண்ணி. ஓரத்துல ஏதோ தெரிஞ்சுச்சு. சாதாரண ஈஸ்ட்டுன்னு தெரிஞ்சதால நான் பெருசாக்கிப் பாக்கல."

வேறு யாரிடமும் இதை நான் இப்படிச் சொன்னதில்லை. அண்ணி பிசைவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கையைக் கழுவிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"குப்பையில இருந்து எல்லாப் படத்தையும் திரும்ப எடு, மொதல்ல இருந்து பொறுக்குவோம்" என்றார். "எது என்னன்னு எனக்கும் சொல்லாத. நீயும் ஒம் பட்டியலப் பாக்காத."