மாத்தளையில் இடைவேளையில் நான் பேசிய நாற்பது நிமிடம்

“ரிவர்ஸ்டன் மலைக்குக் குடும்பத்தோடு போகிறோம், வழியில் மாத்தளையில் என்ன பார்க்கலாம்?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பார்க்க நிறைய இருக்கிறது. ஆனால் அந்த ஊர்ப் பெயரைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் அங்கே போனது 1969-இல், இருபத்தேழு வயதில். இன்றுவரை கோபம் ஆறவில்லை. யார்மேல் கோபம் என்பது மட்டும் மாறியிருக்கிறது.

அப்போது நான் திருச்சியில் ஒரு நாடக சபாவுக்குச் செயலாளர். அந்தப் பதவிக்குரிய மிதப்பு எல்லாம் எனக்கு இருந்தது. என் சித்தப்பா வாலிபத்திலேயே இலங்கைக்குப் போய், மாத்தளைக்குப் பக்கத்தில் ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் தங்கிவிட்டவர். அவர் மகள் மரகதம் அங்கேயே பிறந்தவள், தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். “நானே எழுதி நானே நடிக்கிறேன் அண்ணே, கட்டாயம் வந்து பாருங்க” என்று கடிதம் போட்டிருந்தாள்.

அது சும்மா பொழுதுபோக்கு நாடகம் இல்லை. இந்தியாவுக்குப் போவதா, இலங்கையிலேயே இருப்பதா என்று தோட்டத்து ஜனங்கள் விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. சித்தப்பா இந்தியாவுக்கு எழுதிவிட்டார். மரகதத்தின் விண்ணப்பம் மட்டும் நிரப்பாமல் கிடந்தது. நாடகத்திலும் ஒரு பெண்ணின் கையில் அதே காகிதம்தான். போகிறாளா, இருக்கிறாளா என்பது கடைசிக் காட்சியில்தான் தெரியும்.

திருச்சியில் இரவு ரயில், காலையில் ராமேஸ்வரம், அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், மறுபடி இரவு ரயில். பொல்காவலையில் ஒரு தடவை, கண்டியில் ஒரு தடவை இறங்கி மாறினேன். கண்டியிலிருந்து மாத்தளை பதினாறு மைல். தண்டவாளம் அங்கேயே முடிந்துவிடுகிறது, அதனால் தூங்கிப்போனாலும் பயமில்லை. ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொன்றரைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

நாடகம் நடந்த இடம் ஹமீது நானாவின் ஸ்டோர். அங்கே முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்பார்கள்; இவர் மிளகும் கொக்கோவும் வாங்கி விற்கிற வியாபாரி. எனக்கும் மரகதத்துக்கும் அன்றிரவு அவர் வீட்டில்தான் தங்கல். மூட்டைகளை ஓரமாக அடுக்கி, பெஞ்சு போட்டு, வேட்டியைத் தைத்துத் திரை கட்டியிருந்தார். சுவரெல்லாம் கொக்கோ வாசனை. டிக்கெட் ஒரு ரூபாய்.

நோட்டீஸில் நாலரை மணி என்று போட்டிருந்தது. எங்கள் ஊரில் ஆறரை என்று போட்டால் எட்டுக்குத்தான் மணி அடிப்பார்கள், அதற்கு முன்னால் போகிறவனைக் கேண்டீன்காரன்கூட மதிக்கமாட்டான். ஆகவே குளித்து, பவுடர் போட்டு, ஐந்து மணிக்குச் சாவகாசமாகப் போனேன். முதல் காட்சியே முடிந்திருந்தது! இந்தியாவிலிருந்து கடல் தாண்டி வந்தவனுக்காகப் பத்து நிமிடம் காத்திருக்கக்கூடாதா? எனக்குச் சுர்ரென்றது.

உள்ளே விசில் இல்லை, கைதட்டல் இல்லை. எண்பது பேர் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார்கள். மரகதம் ஒரு பாட்டுப் பாடினாள். உருக்கமான பாட்டு. ரசிகன் என்று காட்டவேண்டாமா? “ஒன்ஸ் மோர்!” என்று கத்தினேன். எண்பது தலையும் என் பக்கம் திரும்பியது. மரகதம் ஒரு கணம் தடுமாறி, பிறகு அடுத்த வசனத்துக்குப் போனாள். என்ன ஜனங்கடா இது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறே காலுக்கு இடைவேளை. எங்கள் சபாவில் இடைவேளை என்றால் தலைவர் மேடையேறிப் பேசுவார், நடிகர்களுக்கு மாலை போடுவார். இங்கே அப்படி ஒருவருமே இல்லை. எனக்குத் தாங்கவில்லை. நானாவிடம் போய், “நான் தலைமையுரை ஆற்றுகிறேன்” என்றேன்.

“நாடகம் முடிஞ்ச பொறகு பேசுங்களேன் தம்பி. இங்க ஆக்கள் பஸ்ஸுக்குப் போறவங்க” என்றார் நானா.

“இடைவேளையில் தலைமையுரை இல்லாமல் ஒரு நாடகமா?” என்றேன். வந்த விருந்தாளியை மறுக்க அவருக்கு வாய் வரவில்லை.

பேசினேன். தாய் மண் உங்களைக் கூப்பிடுகிறது, கப்பல் காத்திருக்கிறது, வாருங்கள் என்று பேசினேன். அந்தத் தாய் மண்ணில் அவர்களுக்கு ஒரு குடிசை உண்டா என்று எனக்கே தெரியாது. நானா இரண்டு தடவை கைக்கடிகாரத்தைத் தூக்கிக் காட்டினார். எங்கள் ஊரில் அமைப்பாளர்கள் கடிகாரம் காட்டுவது வெறும் சடங்கு, யாரும் சட்டை செய்வதில்லை. நானும் செய்யவில்லை. ஆறு ஐம்பத்தைந்துக்கு முடித்தேன்.

கடைசிக் காட்சி ஆரம்பித்துப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். பின்னாலேயே ஒரு குடும்பம் எழுந்தது. மேடை மறையாதபடி முதுகை வளைத்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வரிசை வரிசையாக வெளியேறினார்கள். மரகதம் மேடையில் அந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், இவர்கள் பாட்டுக்குப் போகிறார்கள்! என் ரத்தம் கொதித்தது. நானும் அவர்கள் பின்னாலேயே வெளியே ஓடினேன்.

நூறு கஜம் தள்ளி ரத்தோட்டை பஸ் நின்றது. “ஒரு பெண் பிள்ளை உயிரைக் கொடுத்து நடிக்கிறாள், பாதியில் எழுந்து வருகிறீர்களே, வெட்கமாயில்லை?” என்று நடுத்தெருவில் கத்தினேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் என்னைப் பார்த்தாள்.

“ஏழே காலுக்கு இத விட்டா வேற பஸ் இல்லீங்க. காலைல ஆறு மணிக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக் களத்துல நிக்கணும், பேர் விழலைன்னா அன்னிக்குச் சம்பளம் இல்ல. அந்தப் புள்ள போனாளா இருந்தாளான்னு பாக்கத்தான் இத்தினி பேரும் வந்தோம். நேரத்த நீங்க தின்னுட்டு எங்கள ஏசுறீங்களே, இது நாயமா?”

அவள் சொல்லி முடிக்கவும் பஸ் புறப்பட்டுவிட்டது. நாலரைக்குத் தொடங்கி ஏழுக்குள் முடிகிற மாதிரி, அந்த பஸ்ஸை வைத்தே அவள் நாடகத்தை அளந்து எழுதியிருந்தாள். எனக்குத்தான் அது உறைக்கவில்லை.

திரும்பி ஸ்டோருக்குள் போனபோது நாடகம் முடிந்திருந்தது. பெஞ்சிலிருந்து எழுந்தவர்களை எண்ணினேன். நானாவோடு சேர்த்துப் பதினோரு பேர். எல்லாருமே டவுன்காரர்கள், விண்ணப்பம் எழுதவேண்டிய அவசியம் இல்லாதவர்கள். மரகதம் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“பேச்சு நல்லா இருந்துச்சு அண்ணே. சாப்பிட்டீங்களா?” என்றாள்.

செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

மறுநாள் அவளோடு தோட்டத்துக்குப் போனேன். ரத்தோட்டைவரை பஸ் கட்டணம் முப்பத்தைந்து சதம், அதற்கு மேலே இரண்டு மைல் நடை. வழியெல்லாம் பனி, ஒன்றும் தெரியவில்லை. புதன்கிழமை காலை என்னை ரயிலேற்ற மாத்தளை ஸ்டேஷனுக்கு வந்தாள். வண்டி கிளம்பும்போதுதான் கேட்டேன்: “நீ என்னம்மா முடிவு பண்ணியிருக்க?”

“அதத்தான் அண்ணே அன்னிக்கு மேடையில சொன்னேன். நீங்க வெளிய நின்னு சத்தம் போட்டுக்கிட்டு இருந்தீங்க.”

நாலு வருடம் கழித்து சித்தப்பா மண்டபம் முகாமில் வந்து இறங்கினார். மரகதம் வரவில்லை. அதனால் என்ன முடிவு என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. ஏன் என்று இரண்டு கடிதத்தில் கேட்டேன். இரண்டுக்கும் வந்த பதிலில் எல்லாரும் சுகம் என்று மட்டும் இருந்தது.

வாசகருக்கு: கண்டியிலிருந்து பஸ்ஸும் உண்டு, ரயிலும் உண்டு. நேரமிருந்தால் ரயில். மலைக்கு விடியற்காலையிலேயே கிளம்புங்கள், மதியத்துக்கு மேல் பனி மூடிவிடும். குடையும் ஸ்வெட்டரும் வேண்டும். கட்டணத்தை அங்கேயே விசாரியுங்கள், என் கணக்கு பழையது. திரும்புகிற கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று இறங்கியவுடனே கேளுங்கள். அங்கே ஏதாவது நாடகம் நடந்தால் நேரத்தோடு போய் உட்காருங்கள். இரண்டு வார்த்தை பேசச் சொல்லி யாராவது கூப்பிட்டால், கும்பிட்டு மறுத்துவிடுங்கள். என்னை யாரும் கூப்பிடக்கூட இல்லை.