ஏனோக்கு எங்கே சொன்னார்?

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுப்பவர் நல்லையா. தராசில் நூறு கிராம் பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் சிற்றாலயத்தில் வேதம் வாசிப்பவரும் அவரே. அங்கேதான் கொஞ்சம் குத்துமதிப்பு.

வருடாந்த வேத வினாப் போட்டிக்குக் கேள்வி போடுவதும் அவர் பொறுப்பு. வேதாகமத்தைத் திறந்து பார்த்தே பதில் எழுதலாம். இம்முறை இறுதியில் மோதியவை மாதர் அணிகள். நமுனுகுலத் தோட்டத்துக்குத் தலைவி கருப்பம்மா, ஸ்பிரிங்வெளிக்கு விஜயலெட்சுமி. விஜயலெட்சுமி நல்லையாவின் மனைவி என்பதை யாரும் சத்தமாகச் சொல்லவில்லை.

கடைசிக் கேள்வி இது: கர்த்தர் ஆயிரமாயிரம் பரிசுத்தவான்களோடு வருவார் என்று ஏனோக்கு சொன்னதாக யூதா புதிய ஏற்பாட்டிலுள்ள தன் நிருபத்தில் எழுதுகிறார். பழைய ஏற்பாட்டில் ஏனோக்கு அதைச் சொன்ன இடம் எது?

‘ஆதியாகமம் ஐந்து’ என்று எழுதினார் விஜயலெட்சுமி. ‘அப்படி ஓர் இடம் இல்லை’ என்று எழுதினார் கருப்பம்மா. நல்லையா மனைவிக்குச் சரி போட்டார். கோப்பை அவர் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்தது.

“அண்ணே, வசனத்தக் காட்டுங்க, வாய மூடிக்கிறேன்” என்றார் கருப்பம்மா.

காட்டத்தானே வேண்டும்? ஆதியாகமம் ஐந்தில் ஏனோக்கு பிறக்கிறார், பிள்ளை பெறுகிறார், தேவனோடு நடக்கிறார், காணாமல் போகிறார். வாய் மட்டும் திறக்கவில்லை. பழைய ஏற்பாட்டின் கடைசி நூலான மல்கியா வரை தேடிக் களைத்த நல்லையா, பதுளையிலிருக்கும் போதகருக்கு அழைப்பெடுத்தார்.

“அது ஏனோக்கின் புத்தகத்துல இருக்கு. அந்தக் காலத்து யூதங்க படிச்ச நூலு. நம்ம வேதாகமத்துல சேர்க்கல. மோசேயோட உடலுக்காக மிகாவேல் பிசாசோட வாதாடுனதா யூதா எழுதுறாரே, அதுவும் வெளி நூல்தான்.”

“வேதத்துல இல்லாததயா ஐயா எழுதினாரு?”

“அவரு எழுதினது கடிதம்யா. படிச்சவங்களுக்குத் தெரிஞ்ச கதைய எடுத்துச் சொன்னாரு.”

விஷயத்தைக் கேட்டதும் விஜயலெட்சுமி கோப்பையைத் துடைத்துக் கணவன் கையில் கொடுத்தார். “நீங்க வேத வகுப்புல சொன்னதத்தானே எழுதினேன்? நீங்களே கொண்டு போங்க. பஸ்ஸுல மடியில வச்சுக்கங்க, எல்லாரும் பாக்கட்டும்.”

எல்லாரும் பார்த்தார்கள்.

நமுனுகுல லயத்தில் கருப்பம்மாவின் வீட்டு வாசலில் கோப்பையைக் கொடுத்துவிட்டு, “ஏனோக்கின் புத்தகம் ஒனக்கு எப்படித் தெரியும், தங்கச்சி?” என்று கேட்டார் நல்லையா.

“அது என்ன புத்தகம்? அவரு பேரு வர்ற எடமெல்லாம் பாத்தோம், பேச்சே இல்ல. இல்லன்னு எழுதிட்டோம். அடுத்த வருசம் நாங்க கேள்வி போடுறோம்ணே. மோசேய எதிர்த்த மந்திரவாதிங்க யந்நே, யம்பிரேன்னு பவுல் எழுதுறாரே, அந்தப் பேரு யாத்திராகமத்துல எங்க இருக்கு?”

“யாத்திராகமம் ஏழு...” என்று தொடங்கிய நல்லையா நிறுத்தினார்.

“பாத்துட்டுச் சொல்றேன்” என்றார்.